டேன்எலக்ட்ரோ பாரிடோன்: இராயபுரத்து மாடி அறையில் எட்டு மாதங்கள்

பழைய தோற்றத்தில் வரும் டேன்எலக்ட்ரோ நிறுவனத்தின் பாரிடோன், அதாவது சாதாரணக் கித்தாரைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் மின்கித்தார் ஒன்றை எட்டு மாதங்களாக வாசித்து வருகிறேன். இதைச் சுருதி இறக்கிய கித்தார் என்று சிலரும், சின்ன பேஸ் (அடிச்சுரக் கித்தார்) என்று சிலரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தோடு வாசித்த முதல் இரண்டு வாரங்களும் வீணாயின.

சாதாரண மின்கித்தாரில் கம்பியின் அதிரும் நீளம் பெரும்பாலும் 25.5 அங்குலம், பேஸில் 34 அங்குலம், இதில் 29.75 அங்குலம். ஆறாவது கம்பி ஈ (E) சுரத்திலிருந்து ஐந்து அரைச்சுரம் இறங்கி பி-யில் (B), நம் கணக்கில் ஏழு கட்டையில், நிற்கிறது. சாதாரணக் கித்தாரின் கம்பியை அவ்வளவு தளர்த்தினால் அது கொடியில் காயும் துணிபோலத் தொய்ந்து, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் அடிக்கும். நீளமும் தடிமனும் கூடியிருப்பதால் இங்கே அதே சுரம் விறைப்போடும் துல்லியத்தோடும் பிறக்கிறது. விரல்களுக்குத்தான் வேலை அதிகம்: முதல் ஃப்ரெட்டின் இடைவெளியே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கூடுதல்.

கடையில் முதலில் கேட்டபோது எனக்குப் பெரும் ஏமாற்றமே மிஞ்சியது. காட்சிக்கு வைத்திருந்த கித்தாரில் கம்பி அறுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 10-46 அளவுள்ள (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சாதாரணக் கம்பிகளை மாட்டியிருந்தார்கள். பாரிடோனுக்கு உரியது 14-68 போன்ற தடித்த கம்பி என்பதை எடுத்துச் சொன்னபோது, விற்பனையாளர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. உரிய கம்பிகளை இணையத்தில் வரவழைத்து, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் சுருதியைச் சரிசெய்த மாலையில்தான் இந்தக் கருவியின் உண்மையான குரலைக் கேட்டேன். வாங்க நினைப்பவர்கள் கம்பியின் அளவை விசாரிக்காமல் ஒலியைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

இந்த ஒலியின் வேர் அதன் எளிய கட்டுமானத்தில் இருக்கிறது. டேன்எலக்ட்ரோ, நேதன் டேனியல் 1947-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கிய நிறுவனம். விலையுயர்ந்த மரத்துக்குப் பதிலாக மரச்சட்டத்தின்மேல் மேசனைட் என்னும் அழுத்திய மரநார்ப் பலகையை ஒட்டினார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் காந்தத்தையும் சுருளையும் உதட்டுச் சாயக் குழாய்க்குள் அடைத்தார். பலகைகள் சேரும் ஓரத்தை வைனில் பட்டையால் மூடினார். ஆறு கம்பி பேஸ் ஒன்றையும் 1956-இல் வெளியிட்டார். இன்றைய பாரிடோனிலும் அந்தக் குழாய்களும் ஓரப் பட்டையும் அப்படியே இருக்கின்றன. உள்ளே கூடாக இருப்பதால் தோளில் பாரமே தெரிவதில்லை. சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடுகள் தனக்கென ஒரு குரலைத் தந்துவிட்டன என்பதே இக்கருவியில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? பிரிட்ஜுக்கு அருகில் மீட்டினால் ஒவ்வொரு சுரமும் உலோகத் தட்டில் நாணயம் விழுவதுபோலத் தெளிவாகத் தொடங்கி, பிறகு ஆழத்தில் நெடுநேரம் நிற்கிறது. ஆறாவது கம்பியின் அடிநாதம் நொடிக்கு 61.7 அதிர்வுதான் என்றாலும் மேலுள்ள இணைச்சுரங்கள் வலுவாக இருப்பதால், என்னுடைய 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட சிறிய ஆம்ப்பிலும் (ஒலிபெருக்கி) அது காணாமல் போவதில்லை. உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அமுக்கி வாசித்தால், அமெரிக்க இசைநகரமான நாஷ்வில்லின் 1960-களின் பதிவுகளில் பேஸோடு இணைத்து வாசித்த ‘டிக்-டாக்’ ஒலி அப்படியே கிடைக்கிறது. ஆனால் பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் முழு கார்டு பிடித்து வாரினால், அதிலும் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் சேர்த்தால், கீழ்க்கம்பிகள் சேறாகக் குழம்புகின்றன. இரண்டு அல்லது மூன்று சுரங்களை விலக்கிப் பிடித்து, இடையில் மௌனம் விட்டு வாசிப்பதே இதற்கு ஏற்ற முறை.

வியாசர்பாடியில் கானா பாடும் தம்பி ஒருவரோடு, ஒரு டோலக், ஒரு டேப் (சிறு பறை) மட்டும் துணையாக ஓர் இரவு வாசித்தேன். வழக்கமான கித்தாரோ கீபோர்டோ பாடகரின் குரல் இருக்கும் இடத்திலேயே வந்து மோதும். டோலக்கின் இடக்கைத் தொனியோடு பேஸ் கலந்துவிடும். பாரிடோன் அந்த இரண்டுக்கும் நடுவே, குரலுக்குக் கீழே பாய் விரித்ததுபோல அமைந்தது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவர், “அண்ணே, இது என் கொரல மிதிக்கல, தாங்கிக்கினே வருது” என்றார். இதைவிடச் சரியான மதிப்புரையை என்னால் எழுத முடியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் மின்சார இரைச்சலை எளிதில் வாங்கிக்கொள்கிறது. என் அறையின் மின்விசிறி ரெகுலேட்டர் நடு எண்ணில் இருந்தால் ஆம்ப்பில் வண்டு ரீங்காரம் கேட்கும், முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் கம்பிகள் விரைவில் ஒளி இழக்கின்றன. இந்த அளவுக் கம்பி அக்கம்பக்கத்துக் கடைகளில் கிடைக்காததால், வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பருத்தித் துணியால் துடைத்து உறைக்குள் வைக்கிறேன். அலமாரியில் இன்னொரு 14-68 கட்டு எப்போதும் பிரிக்காமல் இருக்கிறது.