பிளாட் வட்டியா, குறையும் வட்டியா?

கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் சீசனுக்கு முன்னால் லோடு ஆட்டோ வாங்கக் கடன் தேடுபவர்கள் கேட்பது இதுதான்: "ரெண்டு இடத்துலயும் 12 சதவீதம்தான் சொல்றாங்க, எதை எடுக்கலாம்?" ஆனால் ஒரு இடத்தில் அது பிளாட் வட்டி (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி), இன்னொரு இடத்தில் குறையும் வட்டி (மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி). சரி, 1 லட்சம் ரூபாய், 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம்.

மாதத் தவணை: பிளாட்டில் சுமார் 5,167 ரூபாய், குறையும் வட்டியில் 4,707.

மொத்த வட்டி: பிளாட்டில் 24,000, குறையும் வட்டியில் ஏறக்குறைய 13,000.

பிளாட்டில், கட்டி முடித்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடுகிறது. அதனால் அது உண்மையில் சுமார் 21.6 சதவீதக் கடன். ஊரில் சொல்லும் 'ஒரு ரூபாய் வட்டி' (நூறுக்கு மாதம் ஒரு ரூபாய்)கூட இதைவிடப் பரவாயில்லை. அங்கே முழு அசலும் கடைசிவரை நம் கையில் இருக்கும்.

கணக்குப் போட: பிளாட் விரல்விட்டே போடலாம், மற்றதற்குக் கால்குலேட்டர் வேண்டும். கடன் கொடுப்பவருக்கும் இது தெரியும்!

மாங்காய்ப் பணம் மொத்தமாக வந்ததும் கடனை அடைக்க நினைப்பவருக்குக் குறையும் வட்டிதான். முன்கூட்டியே முடித்தால் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாட் 6.5 சதவீதத்துக்குக் கிடைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்; அப்போது அலைச்சல் குறைவான இடத்தில் வாங்கலாம்.