சிதிலமான வீட்டைச் சீரமைத்தபின் விற்பதா, வாடகைக்கு விடுவதா?

பழுதடைந்து குறைந்த விலைக்கு வரும் வீட்டை வாங்கிச் சீர்செய்பவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. சில மாதங்களில் வேலையை முடித்து லாபத்துக்கு விற்றுவிடுவது ஒன்று. குடிவைத்து ஆண்டுக்கணக்கில் வாடகை பெறுவது மற்றொன்று. எந்த வழி என்பதை வேலை முடிந்தபின் சந்தை நிலவரத்தைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு அங்குதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. விற்கப்போகும் வீட்டில் பணம் போய்ச் சேரும் இடம் வேறு, வைத்துக்கொள்ளப்போகும் வீட்டில் போய்ச் சேரும் இடம் வேறு. ஆகவே கொத்தனார் உளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இன்னும் சொல்லப்போனால் விலை பேசி முடிப்பதற்கு முன்பே, இந்தக் கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சீர்செய்தபின் ஒரு வீடு 100 பங்குக்கு விலைபோகும் என்றும், பழுதுபார்க்க 20 பங்கு ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். விற்பதற்காக வாங்குபவர்களிடையே, குறிப்பாக அமெரிக்காவில், 70 விழுக்காடு என்ற ஒரு கைக்கணக்கு புழங்குகிறது: சீர்செய்த வீட்டின் மதிப்பில் 70 விழுக்காட்டிலிருந்து பழுதுச் செலவைக் கழித்து, மீதத்துக்கு மேல் விலை கொடுக்கக் கூடாது. அதன்படி இந்த வீட்டை 50 பங்குக்குத்தான் வாங்கலாம். பதிவுச் செலவு, வட்டி, தரகு, வேலை நடக்கும் மாதங்களுக்கான வரி ஆகியவற்றுக்கு 15 பங்கு போனால், மொத்தச் செலவு 85, லாபம் 15. அதே வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு விற்பனைச் செலவுகள் இல்லை என்பதால் அந்த 15 பங்கு 5 ஆகி, முதலீடு 75 பங்கில் நின்றுவிடும். ஆண்டு வாடகை 6 பங்கு வருமானால், பராமரிப்பு, வரி, காப்பீடு, ஆளில்லாத மாதங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் 3 பங்கு, முதலீட்டில் 4 விழுக்காடு. விற்றவர் சில மாதங்களில் பார்த்த 15 பங்கை வாடகையிலிருந்து சேர்க்க 5 ஆண்டுகள் பிடிக்கும். இதுவரை பார்த்தால் விற்பதே மேல் என்று தோன்றும், அதில் வியப்பில்லை.

ஆனால் பழைய வீட்டில் பழுதுச் செலவு முதலில் போட்ட மதிப்பீட்டோடு நின்றுவிடும் என்று நம்பிக் கணக்குப் போட முடியாது. அந்த 20 பங்கு 28 ஆகிவிட்டால் என்ன நடக்கும்? விற்பவரின் லாபம் 15-இலிருந்து 7 ஆகி, பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. வாடகைக்கு விடுபவரின் வருவாயோ 4 விழுக்காட்டிலிருந்து 3.6 விழுக்காட்டுக்கு மட்டுமே இறங்குகிறது. செலவில் நேர்ந்த பிழை ஒன்றேதான். அதை முதலாமவர் ஒரே நாளில் முழுவதுமாகச் சுமக்கிறார், இரண்டாமவர் பல ஆண்டுகளில் பரப்பிச் சுமக்கிறார். உள்ளே சென்று பார்க்கவே வாய்ப்பில்லாமல் ஏலத்தில் எடுக்கும் வீடுகளுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகப் பொருந்தும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல், குறிப்பிட்ட தேதிக்குள் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடியோடு கடன் வாங்கி ஏலம் கேட்பதை, எவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி சுவருக்கு வருவோம், ஏனென்றால் இரு வழிகளும் உண்மையில் பிரியும் இடம் அதுதான். பழைய வீடுகளில் தரையிலிருந்து இடுப்பளவு வரை பூச்சு உப்பியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த இடத்தைச் சாவியால் தட்டினால் கணீரென்று கேட்காது, பொத்தென்று உள்வாங்கிய ஒலி எழும். விரலால் தேய்த்தால் வெள்ளை மாவு போல உப்பு ஒட்டிக்கொள்ளும். நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக ஏறி, தண்ணீர் ஆவியாகி, கரைந்திருந்த உப்பு மட்டும் அங்கே தங்கியிருக்கிறது என்பதே இதன் பொருள். விற்கும் அவசரத்தில் இருப்பவருக்கு எளிய வழி, சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசி, புட்டி வைத்து, பெயிண்ட் அடிப்பது. வீட்டைப் பார்க்க ஆட்கள் வரும் நாளில் சுவர் பளிச்சென்று இருக்கும். ஆனால் சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரில் சிமெண்ட் பூச்சு ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. அந்த ஈரம் பூச்சுக்கு மேல் இன்னும் உயரமாக ஏறி அங்கே உப்பு கக்கும். அப்போது அந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கும். தங்கள் சேமிப்பையெல்லாம் அதில் போட்டிருக்கும். தெரிந்த குறையை மறைத்து விற்பது பல நாடுகளில் வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது ஒருபுறம் இருக்க, செய்யக்கூடாத செயல் என்பதாலேயே அதைச் செய்யக்கூடாது. வாடகைக்கு விடுபவருக்கு இந்தச் சோதனையே கிடையாது: அந்தச் சுவர் அவருடையதாகவே இருக்கும், உப்பு பூத்தால் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான் வரும்.

மேல்தளத்தின் கதையும் இதுவே. நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது; அந்தக் காரம்தான் உள்ளே உள்ள கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைத்துவிட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, எஃகைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழுகிறது. இதை வாங்குவதற்கு முன்பே அறிய எளிய சோதனை உண்டு. புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் எஞ்சியுள்ள பகுதி அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும், காரம் இழந்த பகுதி நிறம் மாறாமல் கிடக்கும். நிறம் மாறாத பட்டை கம்பி வரை எட்டிவிட்டது என்றால், பெயர்ந்த இடத்தை மட்டும் பூசி மூடுவது சில ஆண்டுகளுக்கான மறைப்புத்தான். வீட்டை வைத்துக்கொள்பவர் அதற்குரிய முழுச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்குவார், அல்லது அந்த வீட்டை வாங்காமல் விட்டுவிடுவார்.

தூசியாகி உடலுக்குள் சென்றால் தீங்கு செய்யும் ஈயப் பெயிண்டும் ஆஸ்பெஸ்டாஸும் இரு வழிகளுக்கும் பொதுவான இடர்கள். வீடுகளில் ஈயப் பெயிண்டை அமெரிக்கா 1978-இல் தடைசெய்தது. ஆஸ்பெஸ்டாஸை பிரிட்டன் 1999-இல் முற்றாகத் தடைசெய்தது. அதற்கு முந்தைய கட்டடங்களில் அவை இன்னும் இருக்கலாம் என்பதால், உரசவோ உடைக்கவோ தொடங்கும் முன் சோதித்துவிட வேண்டும்.

விலைக் கணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய அளவில் ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. வீடுகளின் விலை விவரங்களை இணையத்தில் தரும் அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் 2018-இல் வீடுகளை வாங்கி, சிறிது சீர்செய்து, விரைவில் விற்கும் தொழிலில் இறங்கியது. வீட்டு விலைகளைப் பற்றி அந்த நிறுவனத்திடம் இருந்த அளவுக்குத் தரவு மிகச் சிலரிடமே இருந்திருக்கும். ஆயினும் சில மாதங்களுக்குப் பின் விலை என்னவாக இருக்கும் என்பதைப் போதிய அளவு கணிக்க முடியவில்லை என்று கூறி, 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஒரே காலாண்டில் கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுதியது. பணியாளர்களில் ஏறத்தாழ கால் பங்கினரைக் குறைக்கவும் முடிவு செய்தது. ஒற்றை வீட்டை வாங்கி விற்கும் தனியாள் தம் தெருவை அந்த நிறுவனத்தைவிட நன்றாக அறிந்திருக்கலாம். ஆனால் விலை சரியும்போது காத்திருக்கும் வசதி அவருக்கும் இல்லை. வாடகைக்கு விட்டவர் காத்திருக்கலாம்.

இத்தனையும் சொல்லி வாடகை வழி சுலபமானது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் 2008 நிதி நெருக்கடிக்குப் பின் கடன் கட்டத் தவறிப் பறிபோன வீடுகளைப் பல்லாயிரக்கணக்கில் வாங்கிச் சீர்செய்து வாடகைக்கு விட, பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் 2012-இல் இன்விடேஷன் ஹோம்ஸ் என்பதைத் தொடங்கியது. முதலீடாக அது வெற்றி பெற்று, 2017-இல் பங்குச் சந்தைக்கும் வந்தது. ஆனால் மறைமுகக் கட்டணங்கள், முன்பணத்தைத் திருப்பித் தராமை ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில், வாடகைதாரர்களுக்குத் திருப்பித் தர 4.8 கோடி டாலர் செலுத்த 2024-இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துடன் அது உடன்பட வேண்டியதாயிற்று. வாங்குவதும் சீர்செய்வதும் முடிந்துபோகும் வேலைகள்; நிர்வகிப்பது முடிவதே இல்லை. நள்ளிரவில் குழாய் வெடிக்கும், வாடகை இரண்டு மாதம் தவறும், குடியிருப்பவர் காலிசெய்த வீடு ஆளில்லாமல் கிடக்கும். ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருந்தால் 8 விழுக்காட்டுக்கு மேல் வாடகை போய்விடும். நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைத்தால் அவருக்கும் வாடகையில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். மேலே சொன்ன 3 பங்கு அதற்கேற்பக் குறையும்.

இரண்டையும் இணைக்கும் மூன்றாவது வழி ஒன்று உண்டு: சீர்செய்து, குடிவைத்து, உயர்ந்த மதிப்பின் மேல் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டை வாங்குவது. வட்டி தாழ்ந்திருந்த காலத்தில் இது மிகவும் கவர்ந்தது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி, பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுசென்றபோது, இந்த வழியின் கணக்கு தலைகீழாயிற்று. 4 விழுக்காடு தரும் வீட்டை அதைவிட உயர்ந்த வட்டிக் கடனில் வைத்திருப்பது கைக்காசை மாதாமாதம் கரைப்பதே.

எனவே முதல் வீட்டை வாங்குபவருக்கு என் பரிந்துரை வாடகை வழிதான், ஒரு நிபந்தனையோடு: பழுதுச் செலவில் பாதியளவு கூடுதலாகக் கையில் இருக்க வேண்டும். நம்பகமான கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் பிளம்பரும் கைவசம் இருந்து, பல வீடுகளைச் செய்து பழகி, கடனின்றிக் காத்திருக்கும் வசதியும் உள்ளவர் விற்கும் வழியில் தாராளமாக இறங்கலாம். அவரும் வைத்துக்கொள்ளப்போகும் வீட்டுக்குச் செய்வதைப் போலவே குழாயையும் வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்பது என் வேண்டுகோள். சுவரை மூடுவதற்கு முன் குழாயும் வயரும் செல்லும் தடத்தை, அளவுநாடாவை அருகில் பிடித்துப் புகைப்படம் எடுத்து வைப்பது நல்லது. வீட்டை வைத்துக்கொண்டால் அடுத்த பழுதின்போது தவறான இடத்தில் உடைக்க நேராது. விற்றால் சாவியோடு சேர்த்து அந்தப் படங்களையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்.