எல்லையோர வெள்ளமும் வரைபடக் கருவிகளும்: ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியில் ஓடும் ஆற்றின் தலை தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனைமலைத் தொடரிலிருந்து இறங்கும் ஆழியாறு, அணையைக் கடந்து, எல்லையோர ஊரான மணக்கடவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து பாரதப்புழையில் சேர்கிறது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு உரிய 7.25 டி.எம்.சி. பாசன நீர் மணக்கடவில் அளந்து விடப்படுகிறது. ஆனால் பெருமழையில் அணை திறந்தால் எந்தத் தோப்பில் தண்ணீர் ஏறும் என்று காட்டும் வரைபடம் எங்கள் ஊரில் எவர் கையிலும் இல்லை. அதைத் தயாரிக்கத்தான் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளையும், எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும், சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களையும், குளோஃபாஸ் என்ற உலகளாவிய வெள்ள முன்கணிப்பையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நான்குக்கும் கட்டணம் இல்லை.

முதலில் கியூஜிஐஎஸ். 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நிலத்தின் உயரத்தைத் தரும் தரவை அதில் ஏற்றினால், மாநில எல்லையைப் பொருட்படுத்தாமல் முழு நீர்ப்பிடிப்புப் பகுதியும் ஒரே படமாக விரிகிறது. 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் கோசி ஆற்றின் கரை உடைந்தபோது பீகார் மூழ்கியது. நாட்டெல்லையோடு நின்றுவிடும் வரைபடத்தால் அத்தகைய ஆபத்தை முன்கூட்டிக் காட்டவே முடியாது. ஓர் அலுவலகத்திலிருந்து எனக்குக் கிடைத்த வெள்ள அபாயப் படமும் இப்படித்தான், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அப்பால் வெறும் வெள்ளையாக இருந்தது.

சென்டினல்-1இன் ரேடார் மேகத்தை ஊடுருவும் என்பதால் மழைக்காலத்துக்கு அதைவிட நல்ல கண் வேறில்லை. ஆயினும் ஒரு செயற்கைக்கோள் அதே பாதையில் மீண்டும் வர 12 நாள்கள் ஆகும். எங்கள் ஆற்றில் வெள்ளமோ ஓரிரு நாளில் வடிந்துவிடும். தென்னந்தோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓலைகள் அந்த ரேடார் அலையைத் தடுப்பதால், முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தோப்புகூடப் படத்தில் உலர்ந்த நிலமாகவே தெரிகிறது. உயரத் தரவும் மரத்தின் தலையை ஓரளவு தரையோடு சேர்த்து அளந்துவிடுவதால், தோப்பு உண்மையைவிட மேடாகக் காணப்படுகிறது. இரண்டு பிழைகளும் ஒரே திசையில் சாய்வதுதான் ஆபத்து. எனவே தோப்புப் பகுதிகளை மட்டும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சுவரில் காட்டும் நீர்த்தடத்தை வைத்துத் திருத்துகிறேன்.

குளோஃபாஸ் நிலத்தை ஏறக்குறைய 5 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்தே கணிக்கிறது. பெரிய ஆறுகளுக்கு அது உதவும். எங்கள் ஓடைகளுக்குப் போதாது.

என் அனுபவத்தில் அதிகம் பலன் தந்தது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான். மழையில் மூழ்கும் தரைப்பாலங்கள், மேட்டில் உள்ள பள்ளிக்கூடங்கள், வாய்க்கால் கரை வழியாகச் செல்லும் மாற்றுப்பாதைகள் என்று ஊர்க்காரர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் பதிவு செய்ய முடிவதால், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருபவரும் பாலக்காட்டுத் தீயணைப்பு வீரரும் ஒரே பாலத்தைத்தான் குறிக்கிறார்கள் என்பது உறுதியாகிறது. கைப்பேசியில் இறக்கி வைத்தால் இணையம் அறுந்தாலும் படம் இருக்கும்.

இத்தனை கருவிகளாலும் தர முடியாத ஒரே தகவல், அணையிலிருந்து அந்தந்த மணி நேரத்தில் வெளியேறும் நீரின் அளவு. இரு மாநிலங்களும் அதைக் கணினி நேரடியாகப் படிக்கும் வடிவில் வெளியிட்டால், எந்தத் தரைப்பாலத்தை எத்தனை மணிக்குள் மூட வேண்டும் என்பதைக் கணக்கிட எங்கள் வரைபடம் இப்போதே தயாராக உள்ளது.