102 கிலோபைட்டுக்குள் ஒரு தமிழ் மடல்

"தமிழில் நியூஸ்லெட்டர் ஆரம்பிக்க எந்தச் சேவை நல்லது?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பட்டியலில் உள்ளவர்களுக்கு மின்னஞ்சலில் இதழ் அனுப்பித் தருகிற சேவைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பதில். முகவரிகளைச் சேர்ப்பது, நேரம் குறித்து அனுப்புவது, திரும்பி வந்த மடல்களைக் கணக்கிலிருந்து கழிப்பது எல்லாவற்றையும் இன்று எல்லாச் சேவைகளும் ஒழுங்காகவே செய்கின்றன. அவர்களின் உதவிப் பக்கங்களில் ஒரு ஓரமாகக் கிடக்கிற வேறொரு சங்கதி இருக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களின் உயிரை ஒவ்வொரு இதழிலும் வாங்குவது அதுதான்.

ஒரு மடலின் எச்டிஎம்எல், அதாவது எழுத்தும் அதன் வடிவமைப்பு நிரலும் சேர்ந்தது, சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அந்த இடத்திலேயே கத்தரித்துவிடும். கீழே 'மெசேஜ் கிளிப்டு' என்று ஒரு வரியும், முழுவதையும் பார்க்க ஒரு இணைப்பும் இருக்கும். படங்கள் வெளி சர்வரில் இருப்பதால் இந்தக் கணக்கில் சேராது. சேர்வது எழுத்தும், எழுத்தைச் சுற்றிக் கட்டிய நிரலும்தான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இப்படி ஒரு வரம்பு இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் ஓட்டிவிடலாம். தமிழில் அந்தக் கொடுப்பினை கிடையாது.

காரணம், எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற முறை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறியீட்டுக்கும் மூன்று பைட். அதிலும் நாம் ஒரே எழுத்து என்று நினைக்கிற 'கி' உண்மையில் ககரமும் கொக்கியுமாக இரண்டு குறியீடு; 'க்' என்றால் ககரமும் புள்ளியும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, ஆகப் 15 பைட். 'எழுதுகிறார்கள்' என்று ஒரு வினைமுற்றைப் போட்டால் 14 குறியீடு, 42 பைட். கட்டுரைத் தமிழில் ஒரு சொல்லுக்குச் சராசரி ஒன்பது குறியீடு என்று வைத்தால், இடைவெளியோடு 28 பைட். 2,000 சொல் எழுதினால் 56,000 பைட், அதாவது கிட்டத்தட்ட 55 கிலோபைட் வெறும் எழுத்துக்கே போய்விடுகிறது. ஆங்கிலத்தில் 2,000 சொல்லுக்கு 12 கிலோபைட் போதும். ஒட்டுச்சொற்களால் தமிழில் சொல் எண்ணிக்கை குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் அதே விஷயத்தைச் சொல்ல மூன்று மடங்குக்குக் குறையாது.

வெட்டினால் என்ன, வாசகர் இணைப்பைத் தட்டிப் படிக்க மாட்டாரா என்று கேட்கலாம். சிலர் தட்டுவார்கள். சிக்கல் அதோடு நிற்பதில்லை. 'விலக' என்ற இணைப்பு பெரும்பாலான டெம்பிளேட்டுகளில், அதாவது சேவை தருகிற ஆயத்த வடிவங்களில், கடைசியில்தான் இருக்கும். அதுவும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. விலக வழி தெரியாதவர் செய்வது ஒன்றுதான்: ஸ்பேம் பொத்தானை அமுக்குவது. நாளுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூகுள் வைத்திருக்கும் விதியில் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் அமுக்கினால் போதும். சின்னப் பட்டியல் வைத்திருப்பவரையும் இந்தப் புகார்கள் சும்மா விடாது. மடல் இன்பாக்ஸுக்குப் போகாமல் ஸ்பேமுக்குப் போக ஆரம்பிக்கும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று எண்ணுகிற ஒற்றைப் புள்ளிப் படமும் பெரும்பாலும் மடலின் வாலில்தான் இருக்கிறது. வெட்டுப்பட்டால் திறந்தவர்களும் கணக்கில் ஏற மாட்டார்கள். இதற்கு நேர் எதிராக, 2021 செப்டம்பரில் வந்த ஐபோனின் ஐஓஎஸ் 15 முதல், ஆப்பிள் மெயிலின் தனியுரிமை வசதி வாசகர் திறக்காத மடலின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிவைக்கிறது. அந்தப் பக்கம் கூடுகிறது, இந்தப் பக்கம் குறைகிறது. 'ஓப்பன் ரேட்' என்ற எண்ணைப் பார்த்து மகிழ்வதும் வருந்துவதும் வீண் வேலை.

55 போக மீதி 47 கிலோபைட் இருக்கிறதே, ஏன் போதவில்லை? டெம்பிளேட் ஒன்றே 25, 30 தின்றுவிடும். ஒவ்வொரு பொத்தானும் அட்டவணைக்குள் அட்டவணையாகக் கட்டப்பட்டது. ஒன்றுக்கு ஒரு கிலோபைட் சர்வசாதாரணம். சமூக ஊடகச் சின்னங்களின் வரிசைக்கு நாலைந்து. சொடுக்கலை எண்ணுவதற்காகச் சேவை மாற்றிவைக்கிற இணைப்புகள் ஒவ்வொன்றும் 200, 300 எழுத்து நீளம். இருபது இணைப்பு கொடுத்தால் ஐந்தாறு கிலோபைட் காலி.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது வேர்டிலிருந்து நேராக ஒட்டுவது. வேர்டு தமிழை ஆங்கிலத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக, மொழி தமிழ், எழுத்துரு லதா என்று ஒரு ஸ்பேன் குறியைத் துண்டு துண்டாகச் சுற்றிவைக்கும். இடைவெளி வரும்போதெல்லாம் அது உடைந்து, பல இடங்களில் சொல்லுக்கு ஒன்றாகவே ஆகிவிடும். ஒரு குறிக்கு 60 பைட். 2,000 சொல்லுக்கு 1,20,000 பைட்! நீங்கள் எழுதியதைவிட அதற்குப் போட்ட உறை இரண்டு மடங்கு கனம். சில எடிட்டர்கள் இதைத் துடைத்துவிடும், சில அப்படியே விழுங்கும். எதையும் நம்பாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அமுக்கி வெறும் எழுத்தாக ஒட்டுங்கள். தடித்த எழுத்தும் இணைப்பும் போய்விடும். உட்கார்ந்து மறுபடி போட வேண்டியதுதான்.

இன்னொரு திருடன் உண்டு. சில டெம்பிளேட் கருவிகள் தமிழ் எழுத்தை அப்படியே விடாமல் எண்களாக மாற்றும். 'த' என்பது த ஆகிவிடும். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் மூன்று பைட் ஏழாகிவிட்டது. 55 கிலோபைட் எழுத்து 125-ஐத் தொட்டுவிடும். மூல நிரலைத் திறந்ததும் தமிழ் தெரியாமல் எண்கள் வரிசைகட்டி நின்றால், அந்தக் கருவியை மூட்டை கட்டுங்கள்.

அளந்து பார்க்கும் முறை: அனுப்பும் முன் மடலின் எச்டிஎம்எல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்து, கோப்பின் அளவைப் பாருங்கள். ஜிமெயிலிலிருந்து இறக்கிய மடல் கோப்பை வைத்து அளக்காதீர்கள். அதில் எழுத்து குறிமாற்றம் ஆகியிருக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். இணைப்புகள் அனுப்பும்போதுதான் நீளும் என்பதால் 10 கிலோபைட் இடம் விடுங்கள். 90-க்குள் இருந்தால் நிம்மதி. சோதனை மடலை உங்களுக்கே அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் தலைப்பை மாற்றுங்கள். ஒரே தலைப்பில் அனுப்பினால் ஜிமெயில் அவற்றை ஒரே இழையில் கோத்து, திரும்ப வருகிற பகுதியை மூன்று புள்ளிக்குள் மடித்துவிடும். வெட்டா மடிப்பா என்று தெரியாமல் குழம்புவீர்கள். விலகும் இணைப்பை மேலேயும் ஒன்று வைத்துவிடுங்கள். மரியாதைக்குறைவாகத் தோன்றும், ஸ்பேமைவிடத் தேவலை.

தலைப்பு வரி தனிக் கதை. மின்னஞ்சல் தலைப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்தை 75 எழுத்துக்கு மிகாத துண்டுகளாகக் குறிமாற்றி அனுப்ப வேண்டும் என்பது ஆர்எஃப்சி 2047 என்ற இணையத் தர ஆவணத்தின் விதி. பேஸ்64 என்ற வழக்கமான குறிமாற்ற முறையில் ஒரு துண்டுக்குள் 45 பைட்தான் அடங்கும்; தமிழில் 15 குறியீடு. 'இந்த வாரம்' என்று ஆரம்பித்தாலே 28 பைட் போச்சு. எழுத்தின் நடுவில் துண்டாக்கக் கூடாது என்று விதியிலேயே இருந்தாலும், பைட்டை மட்டும் எண்ணி வெட்டுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. அப்போது தலைப்பின் நடுவில் கேள்விக்குறி போட்ட கறுப்பு டைமண்ட் முளைக்கும். பரிகாரம் சிரிப்பாக இருக்கும்: வெட்டு விழும் இடத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு காற்புள்ளியோ இலக்கமோ சேருங்கள், ஓரிரு பைட் நகர்ந்து வெட்டு வேறிடத்தில் விழும். வேலை செய்கிறது என்பதற்காக இதைத் தீர்வு என்று சொல்ல மனம் வரவில்லை.

மடல் போகிற உங்கள் சொந்த இணைய முகவரி, அதாவது டொமைன் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தப் பெயரில் யார் யார் மடல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். ஏற்கெனவே இருந்தால் அதற்குள்ளேயே புதிய சேவையைச் சேருங்கள். தனியாக இன்னொன்று போட்டால் இரண்டுமே செல்லாது. மடல் போலி அல்ல என்று காட்ட உதவும் மற்றப் பதிவுகளான டிகேஐஎம், டிமார்க் இரண்டையும் சேவை சொல்கிறபடி ஒட்டினால் முடிந்தது. தோற்றத்திலும் ஒன்றிரண்டு உண்டு: மேற்கோள் பகுதியில் டெம்பிளேட் சாய்வெழுத்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அசல் சாய்வு கிடையாது, கருவி இழுத்துச் சாய்ப்பதைப் படிக்கவே கண் கூசும். வரி இடைவெளி 1.6-க்குக் கீழே போகக் கூடாது.

இவ்வளவு திட்டிய பிறகு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. முகவரிப் பட்டியல் உங்களுடையது. ரெவ்யூ என்ற நியூஸ்லெட்டர் சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது, டைனிலெட்டர் என்ற இன்னொன்று 2024 பிப்ரவரி 29 அன்று. பட்டியலை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக இறக்கிவைத்தவர்கள் வேறிடத்தில் அடுத்த இதழைத் தொடர முடிந்தது. ஃபேஸ்புக் பக்கத்தை இப்படி மூட்டை கட்டி எடுத்துப்போக முடியுமா? மாதம் ஒருமுறை இறக்கிவையுங்கள். அந்தக் கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரியலாம், அதைச் சேமித்தால் பெயர்கள் போனது போனதுதான். டேட்டா பகுதிக்குப் போய், சிஎஸ்வியை இறக்கும் வழியில் 65001 யூனிகோடு என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள்.

அப்புறம் பதில்கள். அனுப்புநர் முகவரியில் பதில் அனுப்பாதே என்ற ரகத்தைப் போடாமல், ஆள் படிக்கிற முகவரியைக் கொடுத்தால், பொதுவில் ஒரு சொல் கருத்திடாதவர்கள் மூன்று பத்தி எழுதி அனுப்புவார்கள். இந்தச் சுகம் வேறெங்கும் கிடையாது.

ஆரம்பிக்கலாமா என்றால், இன்றைய மனநிலையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாட்ஸ்அப் சேனல் ஒன்று வைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். இந்த வார இதழ் 97 கிலோபைட்டில் நிற்கிறது, இணைப்புகள் இன்னும் நீளவில்லை. எந்தப் பத்தியை எடுப்பது என்று பார்க்க வேண்டும்.