பிரிண்டருக்கு நிலையான ஐபி: பிரிண்டரிலா, ரவுட்டரிலா?

மட்டக்களப்பில் மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்ததும் கந்தோர் பிரிண்டர் ‘ஓஃப்லைன்’ என்று நிற்கிறதா? பல தடவை ரவுட்டர் அதற்குப் புது ஐபி முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) கொடுத்திருக்கும், கணினி பழையதையே தேடிக்கொண்டிருக்கும். முகவரியைப் பிரிண்டரிலேயே நிலையாகப் போடலாம், ரவுட்டர் கடவுச்சொல் தேவையில்லை. ஆனால் அந்த எண் ரவுட்டர் பங்கிடும் வரிசைக்குள் இருந்தால் ஒருநாள் யாருடைய போனுக்கோ அதே எண் போய் இரண்டும் முட்டிக்கொள்ளும், அப்புறம் காரணம் தேடி அலைய வேண்டும். மற்றது, ரவுட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்) ஓர் ஐபியை ஒதுக்கிவைப்பது. எனக்கு இதுதான் பிடிக்கும், எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். வைஃபைக்கும் கேபிளுக்கும் மேக் வேறுவேறு, கவனம். பிரிண்டரில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் இரண்டையும் விடுங்கள், ரவுட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை, முதலில் கேபிளைப் பாருங்கள்.