நுவரெலியாவிலிருந்து லாடம் அடிக்க வருபவர்: உப்புவெளியிலிருந்து ஓர் அனுபவம்

போன வருடம் ஆனியிலிருந்து ஐப்பசி வரை சிவலை ஏழு லாடங்களைத் தொலைத்தாள். ஏழும் முன்னங்கால் லாடங்கள். அதில் ஒன்றைக் கரைவலை இழுக்கிற அண்ணைமார் மீனோடு சேர்த்து இழுத்தெடுத்துக் கொண்டுவந்து தந்தார்கள். "அடுத்தது விழுந்தா எனக்குத் தா தம்பி, வாசற்படியில அடிக்கவேணும்" என்று சந்திக் கடைக்கார அண்ணை சொல்லிவைத்திருந்தார். எனக்கு மணலுக்குள் புதைந்து கிடக்கும் ஆணிகளை நினைத்துத்தான் பயம். வெறுங்காலோடு நடக்கிற கடற்கரை இது.

சிவலை என்றதும் பசு என்று நினைக்கவேண்டாம், குதிரைதான். பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவள். நிறத்தைப் பார்த்து அம்மா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சீசனில் மாலையில் பிள்ளைகளை ஏற்றிக் கடற்கரையில் நடத்துவேன்.

முன்பு லாடம் அடித்தவர் சவாரி மாடுகளுக்கு அடித்துப் பழகியவர். ஒவ்வொரு முறை லாடம் விழும்போதும் அவர் கண்ட ஒரே வழி இன்னும் இரண்டு ஆணி. கடைசியில் குளம்பின் ஓரம் இடியப்ப உரல் தட்டு மாதிரி ஆகிவிட்டது. ஓட்டை நிறைந்த குளம்பில் ஆணி எப்படிப் பிடிக்கும்? அவரைச் சொல்லிக் குற்றமில்லை, விழுந்த பிறகுதான் கூப்பிடுவது என்று இருந்தவன் நான்.

பிறகுதான் நுவரெலியாப் பந்தயக் குதிரைகளுக்கு லாடம் அடிக்கிற இந்த ஐயாவைப் பிடித்தேன். கண்டி பஸ்ஸில் விடிய வந்து இறங்கினார். தேநீர் குடித்துவிட்டுச் சுத்தியலை எடுப்பார் என்று பார்த்தால், "நடக்க விடுங்க தம்பி" என்றார். வேலி வரை நடத்தினேன். அப்புறம் ஓடவிடச் சொன்னார். சிவலை ஓடும்போது 'டக் டக்' என்று இரும்புச் சத்தம் கேட்கும். சினிமாக் குதிரை போல இருக்கிறதே என்று எனக்கு அதில் பெருமை வேறு. ஐயா சிரித்தார். "அது பின்னங்கால் லாடம் முன்னங்கால் லாடத்துல இடிக்கிற சத்தம். ஆணி என்ன செய்யும்?"

முன்குளம்பின் நுனி நீண்டு போயிருந்ததால் கால் தரையை விட்டு எழும்பத் தாமதமாகிறது. அதற்குள் பின்னங்கால் வந்து முன் லாடத்தின் பின்முனையை மிதித்துக் கழற்றிவிடுகிறது. சேறு லாடத்தை உறிஞ்சி எடுக்கிறது என்று நான் மாரிக் காலத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஐயா சொன்னபடி பார்த்தால் சேறு செய்வதும் முன்காலைத் தாமதப்படுத்துகிற அதே வேலையைத்தான்.

அவர் நுனியை வெட்டி அராவிக் குறைத்தார். லாடத்தின் முன்விளிம்பைத் தட்டி வளைத்தார், கால் சுலபமாக உருண்டு எழும்புமாம். குதிகாலுக்குப் பின்னால் இரும்பு நீட்டிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொண்டார். ஆணி ஒரு பக்கத்துக்கு மூன்று, அவ்வளவுதான். அவையும் குளம்பின் அகலமான இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டன. குதிகால் பக்கம் ஆணி இறுக்கினால் காலூன்றும்போது குளம்பு விரிய முடியாதாம். பழைய ஓட்டைகள் கீழே வளர்ந்து இறங்கும்வரை பொறுக்கச் சொன்னார். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாகத்தான் வளர்கிறது. நுனிப்பக்கம் முழுக்கப் புதிதாக வர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும்.

நெடுந்தீவுக் குதிரைகள் லாடமில்லாமல்தானே திரிகின்றன என்று கேட்டேன். "மணல்ல மட்டும் நடந்தா இவளுக்கும் வேணாம்" என்றார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை முழுக்கக் கிரவல். ஒருமுறை லாடமில்லாமல் நடத்தி, மூன்று நாள் நொண்டினாள்.

கடல் குளிப்பு பற்றியும் ஏச்சு விழுந்தது. காலையும் மாலையும் கடலில் இறக்கி, இடையில் கச்சான் காற்றில் காயவிடுவேன். ஊறுவதும் காய்வதுமாக இருந்தால் குளம்பு சுருங்கி விரிந்து ஆணி தளரும் என்றார். இப்போது கிழமைக்கு இரண்டு தரம்தான் கடல்.

நான்கு காலுக்கும் 18,000 ரூபாய், பஸ் காசு தனி. முந்தியவர் எடுத்ததைவிட மும்மடங்கு. ஆனால் ஆறு கிழமைக்கு ஒருமுறை என்ற கணக்கில் இதுவரை ஐந்து தரம் வந்துபோயிருக்கிறார், இடையில் கழன்றது ஒன்றே ஒன்று. அதுவும் மார்கழி மழையில் கம்பி வேலியைக் காலால் கிண்டி அவளே மாட்டிக்கொண்டது.

குறையும் இருக்கிறது. தொலைபேசியை எடுக்கமாட்டார். இந்தப் பக்கம் மூன்று நான்கு குதிரை சேராமல் பஸ் ஏறமாட்டார், அதனால் சொன்ன திகதி ஒரு கிழமை தள்ளிப்போகும். குளம்புக்கு மேல் மாட்டுகிற மணி போன்ற இறப்பர் உறையை வாங்கச் சொன்னார். முன்காலைப் பின்கால் மிதிக்காமல் காக்க நல்ல சாமான்தான், சேற்று நிலத்தில் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் கடற்கரையில் மணல் உள்ளே போய் உரசி, ஒரு கிழமையில் தோல் கழன்றுவிட்டது. மலைநாட்டுக்காரருக்கு எங்கள் மணல் தெரியாது. இப்போது பட்டியில் நிற்கும்போது மட்டும் போடுகிறேன்.

கூப்பிட நினைப்பவர்கள் நிழலும் சமமான சீமெந்துத் தரையும் ஆயத்தமாக வைத்திருங்கள். கால் ஈரமாக இருந்தால் தொடமாட்டார். குதிரையைப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்தால் ஏசுவார். அவர் போன பிறகு தினமும் குளம்பின் வெளிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். மடக்கிவிட்ட ஆணிமுனை விரலில் குத்தினால் லாடம் தளர்கிறது என்று அர்த்தம், விழும்வரை காத்திருக்காதீர்கள்.

ஏப்ரலில் கேட்கவே வேண்டாம். நுவரெலியாவில் பந்தயச் சீசன், ஆள் கிடைக்கமாட்டார். நான் பங்குனி நடுவிலேயே அடித்து முடித்துவிடுகிறேன். சந்திக் கடை அண்ணைக்குத்தான் இன்னும் லாடம் கிடைக்கவில்லை.