டிவிடியா, பென் டிரைவா, டிஸ்க்கைக் கழற்றுவதா? பழைய கணினியில் இயங்குதளம் ஏற்றும் மூன்று வழிகள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எனவே பரணுக்குப் போகவிருந்த கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பார்க்கும் வேலை மும்முரமாக நடக்கிறது. எந்த லினக்ஸ் நல்லது என்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். அதை எந்த வழியாக உள்ளே அனுப்புவது என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் நிகழ்ந்தன.

டிவிடியை முதலில் முடித்துவிடுகிறேன். சொல்வதற்கு அதிகம் இல்லை. பழங்காலக் கணினிகூட முணுமுணுக்காமல் அதிலிருந்து பூட் ஆகும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸின் அமைப்புகளை நோண்ட வேண்டியதில்லை. அது ஒன்றே அதன் பலம். சாதாரணத் தட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. லினக்ஸ் மின்ட் என்ற வகை அதில் தாராளமாக அடங்கும், இன்றைய விண்டோஸ் 10 கோப்பு அடங்காது. டிரைவின் லென்ஸுக்கும் கணினியின் வயதுதான் என்பதால், தட்டைக் குறைந்த வேகத்திலேயே எழுதுங்கள். நகலெடுக்கும்போது டிரைவ் வேகமெடுப்பதும் அடங்குவதுமாகவே இருந்தால் ஒரே இடத்தைப் படிக்கத் திணறுகிறது என்று பொருள். காத்திருப்பது வீண்.

பென் டிரைவ் வேகமானது, அழித்து எழுதலாம். பல நிறுவிகளை ஒரே பென் டிரைவில் வைக்க உதவும் வென்டாய் மென்பொருளைப் போட்டுவிட்டால், ஐந்தாறு ஐஎஸ்ஓ கோப்புகளை (நிறுவல் தட்டின் நகல்களை) வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயலலாம். ஆனால் பழைய பயாஸுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். பூட் வரிசையில் யூஎஸ்பி-எஃப்டிடி, யூஎஸ்பி-ஜிப், யூஎஸ்பி-சிடிராம் என்று என்னென்னவோ இருக்கும்; எதைத் தேர்ந்தெடுத்தாலும் கணினி அசையாது. பல பயாஸ்கள் பென் டிரைவை இன்னொரு ஹார்ட் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்கின்றன. ஹார்ட் டிஸ்க்குகளுக்குள் எது முதலில் என்பதற்கான பட்டியல் வேறொரு திரையில் ஒளிந்திருக்கும். அங்கே போய் அதை மேலே நகர்த்த வேண்டும். கணினியை இயக்கும் முன்பே செருகியிருந்தால்தான் அந்தப் பட்டியலில் தலைகாட்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை தேவைப்பட்டது.

பென் டிரைவை ரூஃபஸ் மென்பொருளில் எழுதுபவர்கள் பார்ட்டிஷன் முறை ஜிபிடி என்றிருந்தால், பழைய பயாஸுக்கு ஏற்ற எம்பிஆர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7-ஐ இன்னும் விடாமல் ஏற்றுபவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகினால், டிவிடி டிரைவுக்கான டிரைவர் (அதை இயக்கும் நிரல்) இல்லை என்று நிறுவி புலம்பும். டிவிடி டிரைவே இல்லாத கணினியிலும் அதே புலம்பல்தான். பாவம், அதற்கு யூஎஸ்பி 3.0 தெரியாது. பழைய 2.0 போர்ட்டுக்கு மாற்றினால் அடங்கிவிடும்.

மூன்றாவது வழி, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி, அங்கே நிறுவி, திரும்பக் கொண்டுவந்து பொருத்துவது. கேட்டவுடன் பலர் பின்வாங்குகிறார்கள். லினக்ஸைப் பொறுத்தவரை மற்ற இரண்டையும் விட இதைத்தான் நான் நம்புகிறேன். பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடே வருவதால், இடம் மாறினாலும் அது புது வீட்டைத் தானே பழகிக்கொள்கிறது.

இரண்டு இடங்களில் கவனம் பிசகக் கூடாது. நிறுவலுக்கு உதவும் அந்த இன்னொரு கணினி, பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருந்தால், இயங்குதளத்தைத் தொடக்கும் பூட் லோடரும் அதே முறையில் பதியும், பழைய பயாஸ் அதைக் கண்டுகொள்ளாது. லெகசி என்ற பழைய பயாஸ் முறையில் தொடங்குங்கள். அந்த முறையே இல்லாத புதிய கணினிகள் இந்த வேலைக்கு ஆகாது. அடுத்து, உதவிக் கணினியின் சொந்த டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ஒருமுறை சோம்பலில் நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். லினக்ஸின் பூட் லோடரான கிரப், உதவிக்கு வைத்த என் கணினியின் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொண்டது. பழைய கணினி பூட் ஆகவில்லை. என்னுடையதோ, கழன்றுபோன டிஸ்க்கைத் தேடிக்கொண்டு கிரப் மீட்பு வரியில் நின்றது. ஒன்றை எழுப்பப் போய் இரண்டும் படுத்துக்கொண்டன.

விண்டோஸ் இந்த வழியில் பிகு செய்யும். யூஎஸ்பி உறைக்குள் போட்ட டிஸ்க்கில் நிறுவ மறுத்துவிடும், மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாக மாட்டியாக வேண்டும். கோப்புகளை நகலெடுத்து முதல் முறை ரீஸ்டார்ட் ஆகும் தருணத்தில் கணினியை அணைத்து டிஸ்க்கை இடம் மாற்றுங்கள். வன்பொருளை அடையாளம் காணும் கட்டம் அதன் பிறகே வருகிறது.

என் வரிசை இதுதான்: பென் டிரைவில் இரண்டு முயற்சி, அதற்கு மேல் ஸ்க்ரூடிரைவர். நல்ல தட்டு ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும் டிவிடி.

மூன்று வழிகளும் ஒன்றுபோல் தோற்கும் கணினிகளும் உண்டு. எதில் வைத்துக் கொடுத்தாலும் 32-பிட் செயலியில் 64-பிட் கெர்னல் ஓடாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32-பிட் நிறுவி இல்லை. டெபியன் 12-இல் இருக்கிறது. நகலெடுக்கும் வேலை எப்போதும் ஒரே சதவீதத்தில் நின்றால் ஐஎஸ்ஓ கோப்பையோ டிஸ்க்கையோ பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் ராம் மீது சந்தேகம் கொள்ளுங்கள். ஒரு மடிக்கணினி எனக்கு 41, 68, 23 சதவீதம் என்று மாறி மாறி நின்று போக்குக் காட்டியது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ முதல் சுற்றிலேயே சிவப்பு வரிகளைக் கொட்டியது. இரண்டு ராம்களில் ஒன்றைக் கழற்றியதும் அதே பென் டிரைவிலிருந்து ஒரே மூச்சில் நிறுவல் முடிந்தது.

எல்லாம் முடிந்து, மறுநாள் காலை விண்டோஸ் நீலத் திரையோடு விழுந்தால், பயாஸில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. ஏஎச்சிஐ என்று வைத்திருந்த சாட்டா அமைப்பும் (டிஸ்க்கோடு பேசும் முறை) அதோடு பழைய ஐடிஇ-க்குத் திரும்பியிருக்கக்கூடும். மீண்டும் நிறுவ உட்கார்ந்துவிடாதீர்கள். பேட்டரியை மாற்றி அமைப்பைப் பழையபடி வைத்தால், நேற்று நிறுவியது அப்படியே எழுந்துவரும்.